மூச்சடக்கி மூழ்குவோரும் கயிறு பிடிப்போரும்

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த என் அண்ணனின் மகள் கடந்த மாதம் எனக்கு ஒரு பயணத் திட்டத்தை அனுப்பியிருந்தாள். வெள்ளி இரவு கட்டுநாயக்காவில் இறங்குவது, நேரே வாகனம் ஏறி விடியற்காலையில் அறுகம்குடாவை அடைவது, சனிக்கிழமை முழுவதும் அலைச்சறுக்கு, அன்றிரவே திருகோணமலைக்குப் புறப்படுவது, ஞாயிறு காலை அங்கே மூச்சடக்கி ஆழ மூழ்குதல், பின்னேரம் கொழும்பு. மணித்தியால வாரியாக அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறமும் தீட்டியிருந்தாள். கீழே ஒரு குறிப்பு: "சித்தப்பா, இது சரிவருமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. அப்பாட்டைக் காட்டாதேங்கோ."

அப்பாவிடம் காட்டினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் கடலைக் கண்டாலே நாலு முழம் தள்ளி நிற்பவர். அவர் மட்டுமல்ல, எங்கள் தலைமுறையில் பெரும்பாலானோர் அப்படித்தான். ஆகவே நான் அவரிடம் காட்டவில்லை. ஆனால் மகளுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்போது கோடை விடுமுறைக்கு இத்தகைய திட்டங்களுடன்தான் ஊருக்கு வருகிறார்கள் என்பதால், அதில் சொன்னவற்றை எல்லோருக்குமாக இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் வீதிக் கணக்கு. கொழும்பிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். தெற்கு அதிவேகப் பாதையில் போனாலும் மொனராகலை வழியாகப் போனாலும் ஏழு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு ஊடாகத் திருகோணமலை மேலும் 240 கிலோமீற்றர் அளவில் வரும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் இந்தக் கரையோர வீதியில் பயணம் செய்தவர்களுக்கு, பாதையில் ஏறுவதற்கு (நான் சொல்வது தெருவை அல்ல, வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை) காத்திருந்த மணித்தியாலங்கள் நினைவிருக்கும். இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் ஐந்து, ஆறு மணித்தியாலம் ஓடத்தான் வேண்டும். இருபது மணித்தியாலம் விமானத்தில் குந்தியிருந்து வந்த உடம்பை இரண்டு நாட்களில் இன்னும் இவ்வளவு தூரம் உலுக்கி, இடையில் கடலிலும் இறக்குவது திட்டமல்ல.

ஆனால் என் மறுப்புக்கு வீதி ஒரு சின்னக் காரணம் மட்டுமே. பெரிய காரணம் கடல்.

அலையில் சறுக்க விரும்புபவருக்கு வேண்டிய கடல் வேறு, ஆழ மூழ்க விரும்புபவருக்கு வேண்டிய கடல் வேறு. முன்னவருக்கு அலை எழும்ப வேண்டும். பின்னவருக்கு நீர் அசையாது, தெளிந்து, கீழே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அலை புரளும் இடத்தில் மணல் கலங்கும், மணல் கலங்கினால் மூழ்குபவருக்குக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் புலப்படாது. ஒரே கரையில் ஒரே நாளில் இரண்டையும் தேடுவது, ஒரே வயலில் ஒரே கிழமையில் விதைப்பையும் சூடடிப்பையும் வைப்பது போன்றது.

எங்கள் தீவின் அமைப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது என்பது உண்மைதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், கிழக்கு அடங்கியிருக்கும். தெற்கே வெகு தொலைவில், இந்துமா சமுத்திரத்தின் அடிக்கோடியில், அங்கே குளிர்காலமாக இருக்கும் அந்த மாதங்களில் புயல்கள் கிளப்பும் நீரலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உருண்டு வந்து தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் அறுகம்குடாவில் முட்டுகிறது. அதே அலை திருகோணமலைக்குப் போவதற்குத் தீவே குறுக்கே படுத்திருக்கிறது. எனவே ஜூலை மாதத்தில் அறுகம்குடாவில் ஆளுயர அலை புரண்டுகொண்டிருக்கும்போது நிலாவெளியில் கடல் குளம்போலக் கிடக்கும். நவம்பரில் வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகும். அப்போது அலைச்சறுக்குக்காரர்கள் வெலிகமைக்கும் ஹிக்கடுவைக்கும் இடம்பெயர்ந்துவிடுவார்கள், கிழக்குக் கரையில் மீனவர் வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்த்து வைப்பார்கள்.

ஆக, பருவம் ஒன்றுதான், கடல்தான் இரண்டு. அந்த இரண்டுக்கும் இடையே 240 கிலோமீற்றர். இரண்டே நாள் இருக்குமானால் ஒன்றைத் தெரிவு செய், மற்றதை அடுத்த வருடத்துக்கு வை என்று எழுதினேன்.

அறுகம்குடாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970களில் அவுஸ்திரேலியர் முதலான வெளிநாட்டு இளைஞர்கள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கிய காலத்திலிருந்து அந்த ஊர் உலக வரைபடத்தில் இருக்கிறது. குடாவின் தென்முனையில் பாறைத் தளத்தின் மேல் வலப்பக்கமாக உடைந்து செல்லும் அலையில் தேர்ந்தவர் சில நூறு மீற்றர் சறுக்கிப் போவதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அது கற்றுக்குட்டிகளின் இடமல்ல. கீழே கல்லும் முள்ளிக்காயும். புதிதாகப் பழகுவோருக்கு உள்ளே தள்ளியிருக்கும் சிறிய அலைகளும், வடக்கே விஸ்கி பொயின்ற், தெற்கே பீநட் பார்ம் போன்ற மணற்றளக் கரைகளும் இருக்கின்றன. விடியற்காலையில் தரைப்பக்கமிருந்து கச்சான் வீசும்போது அலை முகம் மழுமழுவென்று நிற்கும். பகல் ஏற ஏறக் கடற்காற்று திரும்பி அதைக் குலைத்துவிடும். எனவே பத்து மணிக்கு எழும்பிக் காலைச் சாப்பாடு முடித்துப் போவோருக்கு அங்கே அதிகம் மிஞ்சாது. அலைக்கும் ஒரு வரிசை முறை உண்டு. அலை முதலில் உடையும் இடத்துக்கு அண்மையில் இருப்பவருக்கே அந்த அலை. குறுக்கே பாய்பவர் மற்றவருடைய மண்டையையும் தம்முடைய மண்டையையும் ஒருங்கே பணயம் வைக்கிறார்.

இன்னொன்றையும் மகளுக்கு எழுதினேன். அவள் வரப்போகும் ஜூலை மாதம் கதிர்காமப் பாதயாத்திரைக் காலம். பொத்துவில், பாணமை வழியாக ஒகந்தை முருகன் கோயில் வரை நடந்து, அங்கிருந்து குமணக் காட்டுக்குள் இறங்கும் அடியார்கள், பலகை கட்டிய முச்சக்கர வண்டிகள் ஓடும் அதே வீதியில்தான் நடக்கிறார்கள். ஒகந்தைக் கோயிலுக்கு அருகே இருக்கும் கரையும் சறுக்குவோர் தேடிவரும் கரைதான். நீச்சலுடையில் கோயில் வாசலைக் கடக்காதே என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவள் அறிவாள். ஆனால் சிலர் அறிவதில்லை. அந்தக் கரை விருந்தாளிகளுக்காக விரிக்கப்பட்ட பாய் அல்ல. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அந்த ஊரை அள்ளிக்கொண்டு போனது. உயிர் தப்பிய மீனவர்கள், மீள்கட்டுமானம் என்ற பெயரில் சுற்றுலாவுக்காகக் கரையைத் தாங்கள் இழந்துவிடப் போகிறோம் என்று அஞ்சி வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கையோடு அந்த ஊரின் பெயர் மீண்டும் உலகச் செய்திகளில் அடிபட்டது. அதன் அரசியலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி என் தொழில் சார்ந்த ஒரு குற்ற ஒப்புதல். பத்திரிகையில் வேலை செய்த இத்தனை வருடங்களில், 'கடலில் நீராடச் சென்ற இளைஞர் சடலமாக மீட்பு' என்ற தலைப்பை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 'அலையால் அள்ளுண்டு' என்ற சொற்றொடர் எங்கள் கைவசம் எப்போதும் தயாராக இருக்கும். அலை அள்ளியதா, கரையிலிருந்து கடலுக்குத் திரும்பியோடும் இழுவை நீரோட்டம் கொண்டுபோனதா என்று நாங்கள் கேட்டதில்லை. அந்த நீரோட்டம் யாரையும் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவர்தான் களைத்து மூழ்குகிறார். பதறாமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதன் பிடியிலிருந்து விலகிவிடலாம். செய்தியின் கடைசியில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

திருகோணமலைப் பகுதிக்கு வருவோம். இதைத்தான் நான் அதிகம் யோசித்து எழுதினேன்.

மூச்சடக்கி மூழ்குவதை இன்றைய பிள்ளைகள் மேலைநாட்டு விளையாட்டு என்று நினைக்கிறார்கள். குளித்தல் என்ற சொல்லுக்கே மூழ்குதல் என்றுதான் ஒரு பொருள். இன்று அது குளியலறைக்குள் சுருங்கிவிட்டது, முத்துக்குளிப்பு, சங்கு குளித்தல் என்ற தொடர்களில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்னார்க் கடலில், சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும், நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் எந்தக் கருவியும் இன்றி மூச்சை மட்டும் நம்பி இறங்கினார்கள். 1905 இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு எங்கள் கரையிலிருந்தும், தூத்துக்குடி, கீழக்கரை போன்ற எதிர்க்கரை ஊர்களிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடினார்கள்.

அவர்கள் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து ஒருவர் இறங்குவார். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். படகில் இருப்பவர் கயிற்றைக் கையில் பிடித்து, கீழிருந்து வரும் அசைவுக்காகக் காத்திருந்து, அசைந்ததும் மேலே இழுப்பார். கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் கீழே இருப்பது அவனுடைய சகோதரியின் தாலி என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அது எவ்வளவு தூரம் நடைமுறையில் இருந்ததோ, சொன்னவர்களுக்கு எது முக்கியம் என்பது தெரிந்திருந்தது. இன்று பயிற்சி நிலையங்களில் பணம் வாங்கிக்கொண்டு முதல் நாள் கற்பிக்கும் பாடமும் அதுவேதான்: ஒருவர் கீழே, ஒருவர் மேலே, இருவரும் ஒரே நேரத்தில் மூழ்குவதில்லை, தனியாக ஒருபோதும் இல்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எனக்கு ஒரு கேணி நினைவிருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயில் கேணியில் பின்னேரங்களில் பெடியன்கள் மூச்சடக்கிப் போட்டி வைப்போம். எங்களுக்குள் நீச்சலில் ஒருவன் கெட்டிக்காரன். பதினாறு வயது. எனக்கு நீந்தத் தெரியாததால் படியில் குந்தியிருந்து எண்ணுவது என் வேலை. அன்று அவன் படியில் நின்று பத்துப் பன்னிரண்டு முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டான். அப்படிச் செய்தால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று கண்டுபிடித்திருந்தான். பிறகு மூழ்கினான். நாங்கள் எண்ணத் தொடங்கினோம். நூறைத் தாண்டியதும் கூச்சலிட்டு உற்சாகப்படுத்தினோம். நூற்றைம்பதிலும் எண்ணிக்கொண்டிருந்தோம். சாதனை படைக்கிறான் என்று நினைத்தோம்.

இறங்கித் தூக்கியபோது முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. நித்திரை கொள்பவன் போல இருந்தான். கேணி காவு வாங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவ்வளவு நன்றாக நீந்துகிறவன் கழுத்தளவு தண்ணீரில் எப்படிச் சாக முடியும் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்குவதற்கு முப்பது வருடங்கள் பிடித்தன, அதுவும் வேறொரு கட்டுரைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக.

விடயம் இதுதான். மூச்சை அடக்கும்போது, இனி முடியாது, மூச்சு விடு என்று உடம்பு கெஞ்சுகிறதே, அது ஒட்சிசன் குறைவதால் எழும் தவிப்பல்ல, பெரும்பாலும் காபனீரொட்சைட்டு கூடுவதால் எழுவது. மூழ்குவதற்கு முன் வேகமாக மூச்சை இழுத்து விட்டால் இரத்தத்தில் ஒட்சிசன் சொல்லும்படியாகக் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டு மட்டும் கழுவுண்டு போய்விடும். அதாவது எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்துவிட்டு உள்ளே போகிறோம். ஒட்சிசன் தீர்ந்து மூளை அணையும் வரை ஒரு தவிப்பும் தெரியாது. அணைவதும் விளக்கணைவது போலத்தான், கைகால் உதறலோ கூக்குரலோ இல்லை. கரையில் நிற்பவருக்கு அது சாதனை போலத் தெரியும்.

கடலில் இன்னொரு பொறியும் உண்டு. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப் போல இரண்டு மடங்கு. நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அந்த நெருக்கத்தால், இருக்கும் கொஞ்ச ஒட்சிசனும் இரத்தத்துக்குள் தள்ளப்படுவதால் ஆழத்தில் சுகமாகவே இருக்கும். மேலே வரும்போது அழுத்தம் குறையும், அந்த உந்துதல் சட்டென்று இல்லாமல் போகும். எனவே மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வருவதில்லை. வெளிச்சம் தெரியும் கடைசிச் சில மீற்றர்களிலோ, தலை வெளியே வந்து சில கணங்களின் பின்னரோதான் வருகிறது. அதனால்தான் மேலே இருப்பவர் சற்றுக் கீழே இறங்கி எதிர்கொண்டு கூடவே வருவதும், வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும். அருகே ஒருவர் இருந்தால், வாயை நீருக்கு மேலே உயர்த்திப் பிடித்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். இல்லாவிட்டால் தெளியாது.

ரஷ்யாவின் நத்தாலியா மொல்சானோவா இந்தத் துறையில் உலகமே வியந்த பெண்மணி. உலக சாதனைகள் பல படைத்தவர். 2015 ஓகஸ்ட் 2 இல் ஸ்பெயினின் போர்மெந்தெரா தீவுக்கு அருகே, போட்டிக்காக அல்லாமல் சாதாரணமாக மூழ்கியவர் திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு 53 வயது. அவருக்குத் தெரியாத நுட்பம் எதுவும் இருந்திருக்காது.

இதையெல்லாம் வாசித்தால் அண்ணன், பார்த்தாயா, அதற்குத்தான் கடல் வேண்டாம் என்கிறேன் என்பார். நான் அவர் பக்கம் இல்லை. எங்கள் தலைமுறை கடலுக்கு அஞ்சியதற்கு நியாயம் இருந்தது. போர்க்காலத்தில் கடல் என்றால் தடை வலயமும் பாஸ் அனுமதியும் இரவில் கேட்கும் வெடிச்சத்தமும்தான். அது முடிவதற்கு முன்னரே ஆழிப்பேரலை வந்தது. ஆனால் அந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்தோமே தவிர நீச்சலைக் கொடுக்கவில்லை. கடல் வாசலில் இருக்கும் எங்கள் பாடசாலைகள் பலவற்றில் ஓட்டப்போட்டிக்கு வருடா வருடம் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள், நீந்தக் கற்பிக்க ஒருவர் இல்லை. போகாதே என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் போகாமல் இருப்பதுமில்லை. வீட்டுக்குத் தெரியாமல், கயிறு பிடிக்க ஒருவரின்றிப் போகிறார்கள். இலங்கையின் முதலாவது மகளிர் அலைச்சறுக்குக் கழகம் 2018 இல் அறுகம்குடாவில்தான் தொடங்கியது. ஊருக்குள் எதிர்ப்புகளைச் சந்தித்த பிறகும் அந்தப் பெண்கள், பலர் பிள்ளை பெற்ற தாய்மார், பலகையோடு இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ஆகவே மகளுக்கு நான் எழுதிய திருத்திய திட்டம் இது. இரண்டு நாளுக்குத் திருகோணமலை மட்டும். வந்திறங்கிய அன்று கடலில் கால் வைக்காதே, நித்திரை கொள். முதல் நாள் காலை புறாத்தீவு. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும், முருகைக்கல்லில் கால் ஊன்றக்கூடாது, ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் இடம் அது. ஆழம் அதிகமில்லை என்பதால் காது அழுத்தத்தைச் சரிசெய்யப் பழகிக்கொள்ளலாம். தடிமன் இருந்தால் அதுவும் வேண்டாம். இரண்டாம் நாள், முறையான பயிற்றுநரோடு, மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து, உன் சான்றிதழில் உள்ள ஆழத்துக்குள் மட்டும். ஒவ்வொரு முறை மூழ்கியதற்கும் அதைப்போல இரு மடங்கு நேரமாவது மேலே ஓய்வு. முதல்நாள் இரவு மது வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வை. கோணேசர் கோயில் மலையின் மேலும் ஒருமுறை ஏறிப் பார். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களை 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்த மலையடிக் கடலுக்குள்தான் கண்டார்கள். அவர்கள் காற்றுச் சிலிண்டரோடு போனவர்கள். நீ அங்கே மேலே நின்று பார்த்தால் போதும்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: உன்னோடு மூழ்கப் போகும் மற்ற ஆள் யார், அவருக்கு எவ்வளவு பயிற்சி?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அட்டவணையில் அறுகம்குடாவுக்கு இருந்த பச்சை நிறம் அழிக்கப்பட்டிருந்தது. "மச்சாள் வாறா சித்தப்பா. அவவும் கோர்ஸ் செய்தவ, என்னைவிட நல்லாச் செய்வா." மச்சாள் என்றால் அவளுடைய தமையனின் மனைவி. ரொறன்ரோவில் இருவரும் ஒரே நீச்சல் தடாகத்தில் பழகியவர்களாம்.

அண்ணனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மருமகளும் போகிறாள் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.